தலைகீழாகக் கவிழ ஒரே ஓர் இடம்

எந்த ஆளைக் கம்பெனி தன் செலவில் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்க்கிறதோ, அந்த ஆளுக்கு வேலை போகாது. இப்படி ஒன்றை நான் நம்பினேன். அரைகுறையாக இல்லை. கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதுகூட எனக்கு வராத முழு நம்பிக்கை.

போன வாரம் என் முதல் மோட்டார் சைக்கிள் கதையைப் படித்துவிட்டு, "இந்த ஆளுக்கு எந்த வயதில்தான் புத்தி வந்தது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, இதையும் படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. பினாங்கின் நிலப்பகுதியில், புக்கிட் தெங்காவில் எங்கள் பட்டறை. கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளிலிருந்து வால்வுகளைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். அவற்றைப் பிரித்து, கழுவி, அழுத்தம் கொடுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். சிலர் கடலுக்கே போய்ச் செய்வோம். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்ட்ரா செருகிய கோப்பிப் பொட்டலம் என் விரலில் தொங்கியது.

எங்கள் சூப்பர்வைசர் தியோவின் அறைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் பச்சை மையில் புதிதாக எழுதியிருந்தது: ஹெலிகாப்டர் பயிற்சி புதுப்பித்தல். இடம் ஒன்று. குணா.

ஸ்ட்ராவை எவ்வளவு நேரம் கடித்தேன் என்று தெரியவில்லை. கோப்பி சட்டையில் வடிந்த பிறகுதான் கவனித்தேன்.

கவிழ்க்கும் பெட்டி

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடல்மேடைக்கு நாங்கள் ஹெலிகாப்டரில் போவோம். அது கடலில் விழுந்தால் எப்படி வெளியே வருவது என்று கற்றுக்கொடுத்த பிறகுதான் ஏறவே விடுவார்கள்.

நீச்சல் குளத்துக்கு மேல் ஒரு பெட்டி தொங்கும். உள்ளே நாற்காலி, பெல்ட், ஜன்னல் எல்லாம் உண்டு. நம்மை உள்ளே கட்டி உட்கார வைத்து, பெட்டியை நீரில் இறக்கி, முழுகியதும் அப்படியே தலைகீழாகத் திருப்புவார்கள். ஜன்னலைத் தள்ளி, பெல்ட்டைக் கழற்றி, வெளியே நீந்தி வர வேண்டும். வந்தால் ஓர் அட்டை கிடைக்கும். அட்டைக்கு ஆயுள் நான்கு வருடம். அது முடிவதற்குள் இன்னொரு தடவை கவிழ்ந்து புதுப்பிக்கலாம். தேதி தாண்டிவிட்டால் முதலிலிருந்து முழுப் பயிற்சி. அட்டை இல்லாதவனுக்குக் கடலில் வேலை இல்லை.

மனிதர்கள் அடுத்தவன் வீட்டைப் பார்த்து எரிவார்கள், காரைப் பார்த்து எரிவார்கள். 'அவனை முக்குகிறார்களே, என்னை முக்கவில்லையே' என்று வயிறு எரிந்தவன் பினாங்கு மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இருபத்திரண்டு வயதுப் பொறாமை

என் பொறாமைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நானும் குணாவும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் புக்கிட் மெர்தாஜாம்காரன். நான் பினாங்குத் தீவுக்காரன், ஜெலுத்தோங் அடுக்குமாடி. தீவுக்காரனுக்கு நிலப்பகுதிக்காரனைப் பார்த்து ஓர் இளக்காரம் உண்டு. அந்த இளக்காரத்தை நான் காட்ட முடியாதபடி செய்த ஒரே ஆள் குணா.

கழுத்திலிருந்து கால்வரை மூடும் வேலை உடுப்பான கவரால் அவனுக்கு மாலை ஐந்து மணிக்கும் சுத்தமாக இருக்கும். என்னுடையது காலை ஒன்பதுக்கே கிரீஸில் குளித்துவிடும். கடல்மேடைக்காரர்கள் போன் செய்தால் "குணா இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். நான் எடுத்தாலும் அதையேதான் கேட்பார்கள். என் தலையில் முடி விடைபெற்றுப் போன பிறகும் அவன் தலையில் காடு. இதெல்லாம் ஒருவன் வேண்டுமென்றே செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிக்க முடியவில்லை.

முதல் பயிற்சிக்கு இருவரும் சேர்ந்தே போனோம். குணாவுக்குச் சரியாக நீந்தத் தெரியாது. பஸ்ஸில் வழியெல்லாம் நான் அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே போனேன். "பயப்படாத மச்சான். நான் பத்து பெரிங்கி கடல்ல அலைக்கு நடுவுல நீஞ்சின ஆளு."

குளத்தில் நடந்தது வேறு. குணா ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெட்டி நிற்கும் வரை காத்திருந்து, மீன் மாதிரி வெளியே வந்தான். பத்து பெரிங்கி வீரனோ மேல் எது கீழ் எது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்தவரின் காதைப் பிடித்து இழுத்தான். முக்குளிப்பாளர் ஒருவர் என்னைக் காலரைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். காதுக்குச் சொந்தக்காரர் மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் வந்த புதுப்பித்தல்களுக்கு நாங்கள் தனித்தனியாகப் போனோம்; எனக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டாவது முயற்சியில்தான் தேறியது.

குணா இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கும் எனக்கு அவன்மேல் கடுப்பு.

பிஸ்கட் நின்ற வாரம்

ஆட்குறைப்பு வரப்போகிறது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் பேன்ட்ரியில் கம்பெனி வைக்கும் பிஸ்கட் நின்றது. பிறகு கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கோப்பு பார்த்துவிட்டுப் போனார். எண்ணெய் விலை சரியில்லை என்றார்கள். கடல்மேடைக்காரர்கள் பராமரிப்பைத் தள்ளிப்போடுகிறார்கள் என்றார்கள். நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் திடீரென்று சீக்கிரமாக வேலைக்கு வர ஆரம்பித்தோம்.

என் நிலைமை இன்னும் மோசம் என்று நினைத்தேன். அதற்கு ஆறு மாதம் முன்பே தியோ என்னைக் கடல் வேலையிலிருந்து எடுத்து, பட்டறையிலேயே அழுத்தம் பார்க்கும் மேஜையில் உட்கார வைத்திருந்தார். குணா ஹெலிகாப்டரில் பறக்கிறான், நான் தண்ணீர்க் குழாயும் அழுத்தமானியும் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவனைப் போகச் சொல்ல முடியுமா?

இப்போது ஒரே ஓர் இடம். அதுவும் குணாவுக்கு. செலவை எல்லாம் நிறுத்திவிட்ட கம்பெனி, போகப்போகிற ஆளுக்கு நான்கு வருட அட்டை வாங்கித் தருமா? தராது. ஆக குணா இருக்கிறான், நான் போகிறேன். பள்ளியில் கணக்கில் தோற்ற எனக்கு இது மட்டும் பளிச்சென்று விளங்கியது.

வீட்டுக்கு வந்து மனைவி சாந்தியிடம் சொன்னேன். அவள் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். மூன்று ஆட்குறைப்புகளைப் பார்த்தவள். கங்குங் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்? வேலையா, இல்ல குணா அண்ணனுக்குக் கிடைச்சதா?"

"ரெண்டும் ஒன்னுதான்."

"எங்க ஃபேக்டரில ஆளை எடுக்கறதுக்கு முந்தின வாரம் சில பேரை மட்டும் கூப்ட்டு கேக் குடுத்தாங்க. நாங்களும் இப்படித்தான் வயிறு எரிஞ்சோம். கேக் சாப்ட்டவங்கதான் போனாங்க."

"கேக் வேற, சர்டிபிகேட் வேற சாந்தி. உனக்கு ஆயில் அண்ட் கேஸ் தெரியாது."

"எனக்கு உங்களைத் தெரியும்," என்றாள்.

அப்போது அது எனக்குப் பாராட்டு போலத்தான் பட்டது.

இரண்டு வாரம்

மறுநாள் காலை, தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பெர்ரிப் படகில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கெட்ட யோசனைகள் எனக்கு எப்போதும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் வரும். என் அட்டை எப்போது முடிகிறது? குணாவின் அட்டை எப்போது முடிகிறது?

பாதுகாப்புப் பிரிவில் ஃபரிடா என்ற பெண் இருந்தாள். அட்டைக் கோப்பெல்லாம் அவளிடம்தான். இரண்டு கறிபாப் வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். என் அட்டை குணாவின் அட்டைக்கு இரண்டு வாரம் முன்னால் முடிகிறது. விதிப்படி யாருடைய அட்டை முதலில் முடிகிறதோ, அவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். விதி இருக்கும் பக்கத்தை அச்சடித்துத் தரச் சொன்னேன். ஃபரிடா மஞ்சள் பேனாவால் கோடுகூடப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தத் தாளைத் தியோவின் மேஜையில் வைத்தேன். தியோ பினாங்குச் சீனர், அறுபதை நெருங்குகிறவர், குரலை உயர்த்தாதவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நான் தமிழாக்கித் தருகிறேன்.

"பாலா, உனக்கு எதுக்கு இந்த அட்டை? நீதான் இப்ப கடலுக்குப் போறதில்லையே."

"அதைத்தான் பாஸ் நானும் கேக்குறேன். ஏன் என்னை அனுப்பறதில்ல?"

"மேஜை வேலைக்கு ஆள் வேணும்லா. நல்ல வேலை. கூரை இருக்கு. தினமும் வீட்டுக்குப் போய்டலாம்."

"குணாவுக்கு மட்டும் ஏன் பாஸ்?"

தியோ கோப்பியைக் கலக்கினார். கலக்கி முடித்த பிறகும் கலக்கினார். "சில விஷயத்தை இப்ப என்னால பேச முடியாது, பாலா. இதை விட்ரு. என்னை நம்பு."

என்னை நம்பு! போகச் சொல்லப்போகிறவன்தானே இப்படிப் பேசுவான்?

"பாஸ், விதி இருக்கு. மேலிடத்துக்கு எழுதணும்னா எழுதறேன்."

இதைச் சொன்னது நான்தான். யாரோ பின்னாலிருந்து பேசியது போல இப்போதும் தோன்றுகிறது.

தியோ மஞ்சள் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மஞ்சள் கோட்டைப் பார்த்தார்.

"சரி. விதி விதிதான். நீ போ." தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "குணாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லிடுங்க பாஸ்," என்றேன்.

வீரம் அவ்வளவுதான் கையிருப்பில் இருந்தது.

குணா சொன்ன எண்

மதியம் கேன்டீனில் குணா தன் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தான். வெண்டைக்காயை ஓரமாக ஒதுக்கினான். வெண்டைக்காய் அவனுக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். இருபத்திரண்டு வருடமாக அதை என் தட்டில்தான் போடுவான். அன்றும் போட்டான்.

"தியோ சொன்னாரு. உன் தேதிதான் முதல்ல வருதாமே. நீ போய்ட்டு வா மச்சான். நான் அடுத்த பேட்ச்ல போய்க்கறேன்."

"இல்ல குணா, விதி அப்படி..."

"அட, விடுலா. எனக்கு இன்னும் நாள் இருக்கு." குரலைத் தாழ்த்தினான். "உள்ள போனதும் கண்ணை மூடாத. ஜன்னல் விளிம்பைப் பிடிச்சுக்க, விடாத. பெட்டி சுத்தறப்ப ஏழு வரைக்கும் எண்ணு. ஏழுக்கு மேலதான் பெல்ட்டைத் தொடணும். பக்கத்துல இருக்கறவரு காதைத் தொட்றாத."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பும் என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கும்.

பயிற்சிக்குப் போகும் நாளில் பட்டர்வொர்த் பஸ் நிலையம் வரை அவன் காரில்தான் போனேன். நான் கேட்கவில்லை, அவனே வந்தான். வழியில் நின்று எனக்கு வாழைப்பழ அப்பம் வேறு வாங்கிக் கொடுத்தான். சூடான மாவின், எண்ணெயின் வாசம் கார் முழுக்க நிறைந்திருந்தது. தன் மகள் கெடாவில் நர்ஸிங் சேர்ந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். இன்னும் மூன்று வருடம் அவளுக்குக் கட்ட வேண்டும் என்றான். எனக்கோ, அவன் காரில் ஏர்கான் என் காரைவிட நன்றாகக் குளிர்கிறதே என்ற கவலை.

குளம்

திரெங்கானு கரையோரம் அந்தப் பயிற்சிக் கூடம். குளோரின் வாசனை வாசலிலேயே மூக்கைப் பிடித்தது. என் கூட இருந்தவர்கள் எல்லாம் என் வயதில் பாதி. பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "அங்கிள், ரத்த அழுத்தம் ஏதும் இல்லையே?" என்றார். "இன்று காலைவரை இல்லை," என்றேன்.

பெட்டி இறங்கியது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. கடைசி மூச்சை இழுத்தேன். உலகம் புரண்டது. மூக்கு வழியாகக் குளம் முழுக்க மூளைக்குள் ஏறியது.

ஒன்று. இரண்டு. என் கை தானாகவே பக்கத்தில் தேடியது, காது ஏதாவது கிடைக்குமா என்று. மூன்று. விளிம்பு கிடைத்தது. பிடித்தேன். நான்கு. ஐந்து. ஆறு. கண்ணைத் திறந்தால் ஒரே நீலமும் குமிழிகளும். ஏழு. பெல்ட். ஜன்னல். வெளியே.

மேலே வந்தபோது எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். வேறு யாரும் தட்டவில்லை. கரையேறி உட்கார்ந்து உப்பு பிஸ்கட் தின்றுகொண்டு நினைத்தேன்: பார்த்தாயா குணா, எனக்கும் வருகிறது.

அட்டையை வீட்டில் சாந்திக்குக் காட்டினேன். போட்டோவில் ஈரத் தலையோடு விழித்துக்கொண்டிருந்தேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பொறாமையில தண்ணிக்குள்ள குதிச்சு சர்டிபிகேட்டோட வெளிய வந்த மொத ஆளு நீங்கதான்," என்றாள்.

வெள்ளை உறை

அடுத்த வாரமே சக்கரப் பெட்டி அம்மா திரும்பி வந்தார். கூட்ட அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் வெள்ளை உறையோடு வெளியே வந்தார்கள். நான் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் எடுத்து நீட்ட வேண்டியதுதான். புத்தம் புதுசு, நான்கு வருடம் செல்லும், இந்த மனிதனையா அனுப்புகிறீர்கள் என்று கேட்க ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன்.

என்னைக் கூப்பிடவில்லை.

குணாவைக் கூப்பிட்டார்கள். கடலுக்குப் போகும் பதினோரு பேரையும் கூப்பிட்டார்கள். வெளியே வந்த குணா உறையை இரண்டாக மடித்துப் பையில் வைத்தான். அவன் கவரால் அன்றும் சுத்தமாகத்தான் இருந்தது. என்னிடம் வந்து, "உன்னைக் கூப்ட்டாங்களா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். "அப்பாடா," என்றான். உண்மையாகவே சொன்னான். அந்த ஆள்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குப் புரிகிறதா?

அவன் தன் சாமான் பெட்டியைக் காலி செய்யப் போன பிறகு தியோ என் மேஜைக்கு வந்தார். அழுத்தமானியைத் தட்டிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை, முள் பூஜ்ஜியத்தில்தான் இருந்தது.

"கடல் வேலையை மொத்தமா மூடுறாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும், பாலா. வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. மேஜையில ஒரே ஓர் ஆள்தான் மிஞ்சும். அதான் அப்பவே உன்னை இங்க உட்கார வெச்சேன். உனக்குத் தண்ணின்னா பயம்னு எனக்குத் தெரியும்."

நான் அழுத்தமானியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தேன்.

"குணா எங்க போனாலும் கடல்லயே பிழைச்சுக்குவான். கையில புது அட்டை இருந்தா போதும். அந்த ஒரு இடம் மட்டும்தான் என்னால அவனுக்குக் குடுக்க முடிஞ்சது."

அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். திட்டவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது

மூன்றாவது நாள் மிரி என்ற எண்ணெய் ஊரிலிருந்து ஒரு கம்பெனி குணாவைக் கூப்பிட்டது. உடனே வர வேண்டும், அட்டையில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்றார்கள். அவனுடையதில் ஒரு மாதம்கூட இல்லை. சொந்தச் செலவில் போகிறேன் என்று பயிற்சிக் கூடத்துக்குப் போன் செய்தான். இரண்டு மாதத்துக்கு இடம் இல்லை என்றார்கள். எல்லாக் கம்பெனியிலும் ஆட்குறைப்பு, எல்லோரும் அட்டைக்கு அலைகிறார்கள். மிரி வேலைக்கு வேறு ஆள் போய்விட்டான். குணாவின் அட்டை தேதி முடிந்து செத்தது.

இப்போது அவன் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். மகளின் படிப்பு நிற்கவில்லை. அவன் மனைவியும் வேலைக்குப் போகிறார். தியோ ஓய்வு பெற்றுவிட்டார். இடம் எனக்கு எப்படி வந்தது என்பதைக் குணாவிடம் நான் சொன்னதில்லை. தேதி முன்னால் இருந்ததால் வந்தது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறான்.

நான் அதே மேஜையில்தான் இருக்கிறேன். என் அட்டைக்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆயுள் இருக்கிறது. அதை வாங்கிய நாளிலிருந்து நான் ஒரு தடவைகூட ஹெலிகாப்டரில் ஏறவில்லை.